திருத்தத்தைத் திருப்பி அனுப்புங்கள்

அவையோர் அனைவருக்கும் என் வணக்கம்.

மூல நிரலை யாரும் பார்த்து, மாற்றி, பகிரக்கூடிய திறந்த மூல மென்பொருளைப் பயன்படுத்தலாமா கூடாதா என்று நிறுவனங்கள் தயங்கிய காலம் போய்விட்டது. லினக்ஸ் இயங்குதளமோ பைத்தான் நிரல்மொழியோ போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமோ எங்கோ ஒரு மூலையிலாவது ஓடாத நிறுவனத்தை இன்று தேடித்தான் பிடிக்க வேண்டும். என் கவலை வேறு. நிரல் உள்ளே வந்துவிட்டது; அந்த நிரலை உருவாக்கிய கூட்டுப் பண்பாடு இன்னும் வாசலிலேயே நிற்கிறது.

1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் க்னூ என்ற கட்டற்ற இயங்குதளத் திட்டத்தை அறிவித்த நாளிலிருந்து, ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்ற ஒரே சொல் சுதந்திரத்தையும் விலையின்மையையும் குறிப்பதால் எழும் குழப்பத்தை விளக்கி விளக்கியே பலர் களைத்துப் போனார்கள். தமிழில் அந்தச் சிக்கல் இல்லை. 'கட்டற்ற' என்றும் 'இலவச' என்றும் இரு தனிச் சொற்கள் நமக்கு உண்டு. ஆயினும், மென்பொருள் கொள்முதல் பற்றிய கூட்டங்களில் இரண்டாவது சொல் மட்டுமே எல்லோர் காதிலும் விழுகிறது என்பதை நான் வருத்தத்தோடு பார்த்திருக்கிறேன்.

என் சொந்த அனுபவத்தையே சொல்கிறேன். நான் முன்பு பணியாற்றிய ஒரு நிறுவனத்தில், செய்திகளை வரிசைப்படுத்தி அனுப்பும் ஒரு திறந்த மூல மென்பொருளைப் பயன்படுத்தினோம். பிணைய இணைப்பு அறுந்து மீண்டும் ஒட்டும்போது ஒரே செய்தி இருமுறை போய்ச் சேரும் பிழை ஒன்று அதில் இருந்தது. எங்கள் பொறியாளர்கள் இருவர் ஒரு வாரம் உட்கார்ந்து, நாற்பது வரிகளில் அதைச் சரிசெய்தார்கள். அந்த மென்பொருளை உருவாக்கிப் பராமரிக்கும் மூலத் திட்டத்துக்கே அதை அனுப்பிவிடலாம் என்று அவர்கள் கேட்டபோது, நம் உழைப்பைப் போட்டியாளர்களுக்கு ஏன் தூக்கிக் கொடுக்க வேண்டும் என்ற பதில்தான் மேலிருந்து வந்தது. மூலத் திட்டம் சில மாதங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பை வெளியிடும். ஒவ்வொரு முறையும் அந்த நாற்பது வரிகளை நாங்கள் கையால் பொருத்திச் சோதிப்போம். மூன்றாம் ஆண்டில் அந்தக் கோப்பே முற்றிலும் மாற்றி எழுதப்பட்டிருந்தது. திருத்தத்தை எழுதிய இருவரும் அதற்குள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அந்த வரிகள் எதற்காக இருக்கின்றன என்று சொல்ல அங்கே ஆளில்லை. பாதுகாப்புக் குறையைச் சரிசெய்த புதிய பதிப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் ஆறு வாரம் அதற்கு மாற முடியாமல் தவித்தோம். அதே பிழையை வேறு யாரோ எப்போதோ கண்டு, மூலத் திட்டத்திலேயே வேறொரு வழியில் தீர்த்திருந்தார்கள் என்பது கடைசியில்தான் எங்களுக்குத் தெரிய வந்தது.

சிறிய நிறுவனம்தானே இப்படித் தடுமாறும் என்று எண்ண வேண்டாம். ஆண்ட்ராய்டுக்காக லினக்ஸின் மையப் பகுதியான கருவில் கூகுள் செய்த மாற்றங்கள், குறிப்பாகத் தொலைபேசி உறங்காமல் தடுக்கும் 'வேக்லாக்' என்ற ஏற்பாடு, மூலக் கருவின் பராமரிப்பாளர்களுக்கு ஏற்புடையதாக இருக்கவில்லை. நீண்ட விவாதத்துக்கிடையே, 2010இல் ஆண்ட்ராய்டின் இயக்கி நிரல்கள் சில கருவிலிருந்து நீக்கவும் பட்டன. பின்னர் இரு தரப்பும் பேசி, 2012இல் வெளியான 3.5ஆம் பதிப்பில் அதே தேவையை நிறைவேற்றும் வேறொரு வடிவம் இடம்பெற்றது. மூலத்திலிருந்து பிரித்துத் தனியே வைத்திருக்கும் கிளையை எவ்வளவு பெரிய கை தாங்கினாலும் அதன் பாரம் குறைவதில்லை.

திருப்பி அனுப்புவது என்றால் என்ன என்பதையும் அருகிலிருந்து பார்க்க வேண்டும். ஒரு பொறியாளர் தன் மாற்றத்தைப் பொதுவெளியில் வைக்கிறார். முகமறியாத ஒருவர், 'இதைச் சிறு துண்டுகளாகப் பிரித்துத் தாருங்கள், என்ன செய்தீர்கள் என்பது நிரலிலேயே தெரிகிறது, ஏன் செய்தீர்கள் என்று எழுதுங்கள்' என்கிறார். அங்கே பதவிக்கு மதிப்பில்லை, விளக்கத்துக்கே மதிப்பு. லினக்ஸ் கருவில் 2004 முதல், இந்த நிரலைத் தர எனக்கு உரிமை உண்டு என்று ஒவ்வொரு மாற்றத்தின் கீழும் பெயரிட்டு உறுதியளிக்கும் வழக்கமும் உண்டு. மேலாளர்கள் அஞ்சுவது இந்த வெளிச்சத்தைத்தான்: நம் பிழை ஊரறியத் தெரிந்துவிடுமே என்ற அச்சம். ஆனால் இந்த வழியில் பழகிய பொறியாளர் நிறுவனத்துக்குள் எழுதும் குறிப்பும் தெளிவடைவதை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். இதே முறையை நிறுவனத்தின் சொந்த நிரல்களுக்குள்ளும் கொண்டுவருவதைத்தான் டிம் ஓ'ரைலி 2000இல் 'இன்னர் சோர்ஸ்' என்று பெயரிட்டு அழைத்தார்.

நிறுவனத் தலைமையிடம் நான் கேட்பது, பொறியாளர்கள் இத்தகைய திட்டங்களில் உழைப்பதற்கான நேரத்தை. 2014இல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்புக் குறை வெளிப்பட்டபோதுதான், இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த, தகவலை மறையாக்கம் செய்து காக்கும் ஓபன்எஸ்எஸ்எல் திட்டத்தில் முழுநேரமாக உழைத்தவர் ஒருவரே என்பதை உலகம் கவனித்தது. 2024இல் எக்ஸ்இஸட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் நிரல் நூலகத்தில், சோர்ந்திருந்த ஒரே பராமரிப்பாளரின் நம்பிக்கையைச் சில ஆண்டுகள் பொறுமையாகப் பெற்ற ஒருவர், பிறர் கணினிக்குள் ரகசியமாக நுழைய உதவும் பின்கதவு வைத்தார். அதைக் கண்டுபிடித்த ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், அப்போது மைக்ரோசாஃப்டில் ஊதியம் பெற்றுக்கொண்டு போஸ்ட்கிரெஸில் பணிபுரிந்தவர். சோதனை ஒன்றுக்காகக் கணினியைத் தயார்செய்தபோது, உள்நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாவது அவர் கண்ணில் பட்டது. அந்த அரை விநாடியை விடாமல் பின்தொடர ஒரு பொறியாளருக்கு இடமிருந்ததால், எண்ணற்ற சேவையகங்கள் தப்பின.

ஆகவே, சிறு பிழைத் திருத்தங்களை ஒவ்வொரு முறையும் சட்டத்துறையின் ஒப்புதலுக்குக் காத்திராமல் அனுப்புவதற்கு முன்கூட்டியே அனுமதி கொடுங்கள். பணிமதிப்பீட்டில் அந்த வேலையையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் சொன்ன அந்த நிறுவனத்திலும் பிறகு நிலைமை மாறியது. அடுத்து நாங்கள் கண்ட பிழைக்கான திருத்தத்தை மூலத் திட்டத்துக்கு அனுப்பினோம். இரண்டே நாளில் பராமரிப்பாளர் ஒரு கேள்வி கேட்டார்: 'இணைப்பு பாதியில் அறுந்தால் இது என்ன செய்யும்?' எங்களில் யாரும் அதை எண்ணிப் பார்த்திருக்கவில்லை. திருத்தி மீண்டும் அனுப்பினோம். அடுத்த பதிப்பிலேயே அது வெளிவந்தது. அதன்பின் பதிப்பு மாற்றும் நாள்களில் அந்த வரிகளைத் தேடிப் பொருத்தும் வேலை எங்களுக்கு இருக்கவில்லை.