மாற்றிப்போட முடியாத குரல்கள்

நேயர்களுக்கு வணக்கம். அறுபதுகளில் அமெரிக்காவின் பெண்கள் குழுக்கள் பாடிய பாடல்களைப் பற்றி இன்று பேசப் போகிறேன்.

1961 ஜனவரிக் கடைசியில், பிரபலமான பாட்டுகளை வாரந்தோறும் வரிசைப்படுத்தும் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் ஒரு பாட்டு முதல் இடத்துக்கு வந்தது. பாடியவர்கள் ஷிரெல்ஸ். நியூ ஜெர்சி மாநிலத்தில் பசேயிக் என்ற ஊரில் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்த நான்கு பெண்கள். பாட்டின் பெயர் 'வில் யூ லவ் மீ டுமாரோ'. கறுப்பினப் பெண்கள் குழு ஒன்று அந்தப் பட்டியலில் முதலிடம் பிடித்தது அதுதான் முதல் தடவை. கறுப்பின மக்கள் பஸ்ஸில் எங்கே உட்காரலாம், எந்த ஹோட்டலில் சாப்பிடலாம் என்பதையெல்லாம் தென் மாநிலங்களில் வெள்ளையர்கள் தீர்மானித்துக்கொண்டிருந்த காலம். அப்படிப்பட்ட நாட்டில், வீட்டு ரேடியோவிலும் கார் ரேடியோவிலும் இந்த நான்கு பெண்களின் குரல் போய்ச் சேர்ந்தது.

அந்தப் பாட்டில் ஒரு பெண் காதலனிடம் கேள்வி கேட்கிறாள். இன்று இரவு நீ காட்டுகிற பிரியம் நாளைக்கும் இருக்குமா என்று கேட்கிறாள். பாட்டே அவ்வளவுதான். பாடியவர் ஷெர்லி ஓவன்ஸ். அவர் எங்கேயும் குரலைக் குழைத்துக் காட்டுவதில்லை. சங்கதி எதுவும் போடுவதில்லை. ஓரிரு இடத்தில் சுருதி ஒரு இம்மி கீழே நிற்கிறது. இருந்தாலும் அந்தக் குரலை நம்பாமல் இருக்க முடியவில்லை. அழுகை இல்லை, கெஞ்சல் இல்லை. என்ன பதில் வரும் என்பதை ஓரளவு ஊகித்துக்கொண்டவள் போல நிதானமாகக் கேட்கிறாள். பின்னால் வயலின்கள் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கின்றன.

அந்த வயலின் பகுதியை எழுதியவர் கேரோல் கிங். மெட்டும் அவருடையதுதான். அப்போது அவருக்கு வயது 18. வரிகளை எழுதிய அவருடைய கணவர் ஜெரி காஃபினுக்கு 21. கைக்குழந்தை வேறு இருந்தது. காஃபின் பகலில் ஒரு வேதியியல் கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டு, இரவில் பாட்டு எழுதிக்கொண்டிருந்தார். ஷெர்லி ஓவன்ஸுக்கு முதலில் இந்தப் பாட்டுப் பிடிக்கவில்லை. கிராமியப் பாட்டு மாதிரி இருக்கிறது, இது நமக்குச் சரிவராது என்றாராம். வயலின்கள் சேர்ந்த பிறகுதான் பாட்டு அவருக்கு இசைந்து வந்தது.

பத்து வருடம் கழித்து, 1971-இல், கேரோல் கிங் இதே பாட்டைத் தானே பியானோ வாசித்து மெதுவாகப் பாடி வெளியிட்டார். அருமையான பதிவு. ஆனால் அதில் பாடுகிறவள் வாழ்ந்து பார்த்து, பதிலைத் தெரிந்துகொண்டவள். ஷிரெல்ஸ் பதிவில் பதில் இன்னும் வரவில்லை. என்னைக் கேட்டால் ஷிரெல்ஸ் பதிவுதான் மேல் என்பேன். தாளம் ஓடிக்கொண்டே இருக்கிறது. யோசித்து முடிவெடுக்க அந்தப் பெண்ணுக்கு அவகாசமே இல்லை. அந்த வயதில் வருகிற பெரிய கேள்விகள் எல்லாம் அப்படித்தானே வந்து நிற்கின்றன?

இந்த வகைப் பாடல்களை 'கேர்ள் குரூப்' பாடல்கள் என்பார்கள். 1960-க்கும் 1966-க்கும் நடுவில் நூற்றுக்கணக்கில் வந்தன. நியூயார்க் பிராட்வேயில் பிரில் பில்டிங் என்று ஒரு கட்டடம். அதிலும் பக்கத்துக் கட்டடங்களிலும் சின்னச் சின்ன அறைகள். அறைக்கு ஒரு பியானோ. உட்கார்ந்து பாட்டு எழுதுவதுதான் வேலை. கிங்–காஃபின், சிந்தியா வைல்–பேரி மான், எல்லி கிரீன்விச்–ஜெஃப் பேரி என்று மூன்று தம்பதிகள் அங்கே முக்கியமானவர்கள். மூன்று ஜோடியிலும் ஒரு பெண் இருந்ததைக் கவனிக்க வேண்டும். பாடுகிறவளுக்குப் பதினாறு வயது என்றால், எழுதுகிறவளுக்கு இருபத்திரண்டு. அந்த வயதின் தவிப்பை அப்போதுதான் தாண்டி வந்தவர்கள். அதனால்தான் அந்தப் பெண்களின் வாயில் அந்த வார்த்தைகள் இரவல் வார்த்தைகளாகத் தெரிவதில்லை.

சில சமயம் பெண்களே எழுதவும் செய்தார்கள். டெட்ராய்ட் பக்கத்தில் இங்க்ஸ்டர் என்ற ஊரின் பள்ளிக்கூடப் பெண்கள், மார்வலட்ஸ் என்ற பெயரில் பின்னால் பிரபலமானவர்கள், மோட்டவுன் என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்குப் பாடிக் காட்டப் போனார்கள். சொந்தப் பாட்டு இருந்தால் கொண்டுவாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். குழுவில் ஜார்ஜியா டாபின்ஸ் என்ற பெண், ஒரு நண்பரிடம் இருந்த புளூஸ் பாட்டை வாங்கித் திருத்தி எழுதினார். காதலனிடமிருந்து கடிதம் வந்திருக்கிறதா என்று தபால்காரரை நிறுத்திக் கேட்கிற பாட்டு. 'ப்ளீஸ் மிஸ்டர் போஸ்ட்மேன்'. ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வீட்டில் அப்பா சம்மதிக்கவில்லை. டாபின்ஸ் குழுவை விட்டு விலக வேண்டியதாயிற்று. கிளாடிஸ் ஹார்ட்டன் பாடினார். பின்னால் நட்சத்திரப் பாடகரான மார்வின் கே அதில் டிரம்ஸ் வாசித்தார். 1961 டிசம்பரில் மோட்டவுனுக்கு பில்போர்டு பாப் பட்டியலில் கிடைத்த முதல் முதலிடம் அதுதான். தொடர்ந்து வந்த எல்பி தட்டின் உறையில் அந்தப் பெண்களின் முகம் இல்லை. ஒரு தபால் பெட்டியின் படம் இருந்தது. கறுப்பினக் கலைஞர்களின் முகத்தை உறையில் போட கம்பெனிகள் தயங்கிய காலம்.

இனி பாட்டின் அமைப்புக்கு வருகிறேன். இந்தப் பாடல்களில் ஒருத்தி முன்னால் நின்று பாடுவாள், இரண்டு மூன்று தோழிகள் பின்னால் பதில் சொல்வார்கள். வெறும் ஹம்மிங் என்று அதை ஒதுக்க முடியாது. தோழிகள் சில இடத்தில் அவளை உசுப்பிவிடுவார்கள், சில இடத்தில் நம்ப மறுப்பார்கள், சில இடத்தில் கேள்வி கேட்பார்கள். நான் ரெக்கார்டிங் தியேட்டர்களில் கோரஸ் பாடிப் பிழைத்தவள். அதனால் என் காது முதலில் பின்வரிசைக்குத்தான் போகும். ஷிஃபான்ஸ் என்ற குழுவின் 1963-ஆம் வருடப் பாட்டு 'ஹீ இஸ் சோ ஃபைன்'. அதில் பாட்டைத் தொடங்குவதே கோரஸ்தான். அர்த்தமில்லாத அசைகள்தான், ஆனால் ஒரு முறை கேட்டால் காதைவிட்டுப் போகாது. அந்த மெட்டு இங்கிலாந்தின் பீட்டில்ஸ் குழுவைச் சேர்ந்த ஜார்ஜ் ஹாரிசனின் மனதிலும் போய் உட்கார்ந்துகொண்டது. 1970-இல் அவர் வெளியிட்ட 'மை ஸ்வீட் லார்ட்', கோரஸில் ஹரே கிருஷ்ணா ஒலிக்கிற அந்தப் பாட்டு, நம் ஊரிலும் பலருக்குப் பழக்கம். தெரிந்து திருடவில்லை, தன்னை அறியாமல் அந்த மெட்டை எடுத்திருக்கிறார் என்று 1976-இல் நியூயார்க்கில் ஒரு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

இப்போது 'பி மை பேபி'. ரோனட்ஸ் குழு, 1963. லாஸ் ஏஞ்சலிஸில் கோல்ட் ஸ்டார் ஸ்டூடியோ. தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டர், வாத்திய ஒழுங்கு ஜாக் நிச்சி, ஒலிப்பதிவு லேரி லெவின். முதலில் டிரம்ஸ் மட்டும். தும், தும்-தும், டக். மறுபடியும் தும், தும்-தும், டக். வாசித்தவர் ஹால் பிளெய்ன். சாதாரணமாக அந்த 'டக்' இரண்டாம் அடியிலும் நான்காம் அடியிலும் விழ வேண்டும். இங்கே நான்காவதில் மட்டும் விழுகிறது. இரண்டாவது அடி வரும் வரும் என்று நம் உடம்பு எதிர்பார்த்து ஏமாந்து, நான்காவதில் போய்ச் சேர்கிறது. அந்த ஒரு காலி இடத்தில்தான் பாட்டின் ஏக்கம் முழுவதும் இருக்கிறது. பிறகு பியானோக்கள், கிதார்கள், கிலுகிலுக்கும் கருவிகள் எல்லாம் சேர்ந்து வருகின்றன. ஒரே பகுதியை இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாசிப்பார்கள். அந்த ஒலியை ஸ்டூடியோவில் கான்கிரீட் பூசிய ஒரு வெற்று அறைக்குள் ஸ்பீக்கரில் விட்டு, சுவரில் மோதித் திரும்புவதை மைக்கில் பிடித்து மறுபடி பாட்டில் கலப்பார்கள். எந்தக் கருவி எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. எல்லாம் சேர்ந்து ஒரே பெரிய கருவி ஆகிவிடும்.

அத்தனை இரைச்சலுக்கும் மேலே எழும்ப ஒரு குரல் வேண்டும். ரோனி என்ற வெரோனிகா பென்னட்டுக்கு அப்போது வயது பத்தொன்பதுதான். குழுவில் மற்ற இருவர் அக்கா எஸ்டெலும் உறவுப் பெண் நெட்ராவும். இந்தப் பதிவுக்கு ரோனி மட்டும் விமானம் ஏறிப் போனார். ஸ்டூடியோவின் பெண்கள் கழிவறையில் எதிரொலி நன்றாக இருக்கும், அங்கே நின்றுதான் பாடிப் பாடிப் பார்த்தேன் என்று தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். அந்த 'வோ-ஓ-ஓ' அங்கே பிறந்ததுதான். அகலமான நடுக்கம் உள்ள குரல். கொஞ்சம் மூக்கில் ஒலிக்கும், கொஞ்சம் முரடு. பயிற்சி பெற்றவர்கள் குறை என்று சொல்லக்கூடிய எல்லாம் அதில் இருக்கிறது. அந்தக் குரலை எடுத்துவிட்டு வேறொரு நல்ல குரலைப் போட்டால் பாட்டு விழுந்துவிடும். பீச் பாய்ஸ் குழுவின் பிரையன் வில்சன் இதை முதலில் கார் ரேடியோவில் கேட்டபோது வண்டியை ஓரம் கட்டிவிட்டார் என்பது அவரே பலமுறை சொன்னது.

இந்தக் குரல்களை மாற்றிப்போடலாம் என்றுதான் கம்பெனிக்காரர்கள் நினைத்தார்கள். 1962-இல் 'ஹீ இஸ் எ ரெபெல்' என்ற பாட்டு கிரிஸ்டல்ஸ் என்ற குழுவின் பெயரில் வந்து முதலிடம் போனது. அதில் கிரிஸ்டல்ஸ் ஒரு வரிகூடப் பாடவில்லை. அவர்கள் நியூயார்க் பெண்கள். ஸ்பெக்டர் லாஸ் ஏஞ்சலிஸில் அவசரமாகப் பதிவு செய்ததால், அங்கே கோரஸ் பாடிக்கொண்டிருந்த டார்லீன் லவ்வையும் அவருடைய குழுவையும் பாடவைத்தார். பெயர் மட்டும் கிரிஸ்டல்ஸ். தங்கள் பெயரில் ஒரு பாட்டு வந்திருப்பது அந்தப் பெண்களுக்கு ரேடியோவில் கேட்டபோதுதான் தெரியும். நம் சினிமாவில் டிராக் பாடுகிற வேலை உண்டு. நாம் பாடி வைப்போம், பிறகு பெரிய பாடகர் வந்து அதே இடத்தில் பாடுவார், நம் குரல் அழிந்துவிடும். டார்லீன் லவ்வுக்கு நடந்தது அதைவிடக் கொடுமை. குரல் இருந்தது. கோடிப் பேர் கேட்டார்கள். பெயர் இன்னொருவருடையது.

ஆனால் இன்று அந்தத் தட்டைக் கேட்கிற எவருக்கும் அது டார்லீன் லவ் என்பதில் சந்தேகம் வராது. அப்பா ஒரு பாதிரியார். சர்ச்சில் பாடி வளர்ந்த குரல், நெஞ்சிலிருந்து நேராக வருகிறது. அடுத்த வருடம் கிரிஸ்டல்ஸ் குழுவின் லா லா புரூக்ஸ் நிஜமாகவே பாடிய 'டா டூ ரான் ரான்' பாட்டைப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். பதினைந்து வயதுப் பெண்ணின் உற்சாகம் வேறு மாதிரி. இரண்டு பாட்டும் ஒரே குழுவின் பெயரில் இருக்கலாம், காது ஏமாறாது.

பணத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். ஷிரெல்ஸ் பெண்களிடம், உங்கள் பங்கை அறக்கட்டளையில் போட்டு வைத்திருக்கிறோம், 21 வயதானதும் தருகிறோம் என்று கம்பெனி சொல்லியிருந்தது. வயது வந்ததும் கேட்டார்கள். அப்படி ஒரு பணமே இல்லை. வழக்குப் போட்டார்கள், 1965-இல் சமரசமானது. ரோனட்ஸ் மூவருக்கும் சேர்த்து முன்பணமாகக் கிடைத்தது சுமார் 15,000 டாலர். அதற்குப் பிறகு ராயல்டி வரவில்லை. பாட்டு சினிமாவிலும் விளம்பரத்திலும் ஒலித்துக்கொண்டிருந்தது. அவர்கள் தொடுத்த வழக்கில் 2002-இல் நியூயார்க் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், 1963 ஒப்பந்தப்படி பதிவின் உரிமை முழுக்கத் தயாரிப்பாளருக்குத்தான், சினிமாவுக்குக் கொடுத்த வருமானத்தில் பாடகிகளுக்குப் பங்கில்லை என்றது. தட்டு விற்பனைக்கான ராயல்டி மட்டும் மிஞ்சியது. டார்லீன் லவ் எண்பதுகளில் பிழைப்புக்காக வீடு சுத்தம் செய்யப் போனார். ஒரு வீட்டின் குளியலறையைக் கழுவும்போது தான் 1963-இல் பாடிய கிறிஸ்துமஸ் பாட்டு ரேடியோவில் வந்தது என்றும், அன்றுதான் மறுபடி பாடப் போவது என்று முடிவெடுத்ததாகவும் சொல்லியிருக்கிறார். போனார், பாடினார். 2011-இல், ராக் இசைக் கலைஞர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் அவருடைய சொந்தப் பெயரே ஏறியது.

பீட்டில்ஸ் வந்ததும் இந்தப் பெண்களின் காலம் முடிந்தது என்று எழுதுவார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. பீட்டில்ஸின் முதல் எல்பியிலேயே மூன்று பாட்டு இந்தக் குழுக்களிடமிருந்து எடுத்தது. இரண்டாவதில் 'ப்ளீஸ் மிஸ்டர் போஸ்ட்மேன்' இருக்கிறது. பீட்டில்ஸ் அமெரிக்காவை ஆட்டிவைத்த அதே 1964-இல்தான் டிக்ஸி கப்ஸ், ஷாங்ரி-லாஸ் என்ற இரண்டு பெண்கள் குழுவும் முதலிடம் போயின. சுப்ரீம்ஸ் அந்த வருடத்தில் ஆரம்பித்து அடுத்தடுத்து ஐந்து பாட்டை முதலிடத்துக்குக் கொண்டுபோனார்கள்.

ஷாங்ரி-லாஸ் எனக்கு மிகவும் நெருக்கமான குழு. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியைச் சேர்ந்த பெண்கள். முன்னால் பாடிய மேரி வைஸ் முதல் வெற்றிப் பாட்டைப் பாடியபோது அவருக்குப் பதினைந்து வயது. கடற்பறவைச் சத்தம், மோட்டார் சைக்கிள் சத்தம் எல்லாம் பாட்டுக்குள் வரும். மிகை நாடகம் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. அவர்கள் 1965-இல் வந்த 'ஐ கேன் நெவர் கோ ஹோம் எனிமோர்' பாட்டைக் கேட்க வேண்டும். ஒரு பையனுக்காக வீட்டை விட்டுப் போன பெண் பேசுகிறாள். பாட்டில் பாதி பேச்சுதான். அந்தப் பையனைச் சீக்கிரமே மறந்துவிட்டாள். வீட்டில் தனியாக இருந்த அம்மா இறந்துவிட்டாள். நடுவில் ஓர் இடத்தில் மேரி வைஸ் அம்மாவைக் கூப்பிடுகிறார். அங்கே குரல் கிழிகிறது. அதைப் பயிற்சி செய்து கொண்டுவர முடியாது. காதல் பாட்டு என்று நினைத்துத் தட்டு வாங்கிய பையன்களுக்கும் பெண்களுக்கும் அம்மாவைப் பற்றிய பாட்டு கிடைத்தது. 2006-இல் வந்த தன் இசைத்தட்டுக்கு ஷாங்ரி-லாஸ்தான் பெரிய தூண்டுதல் என்று இங்கிலாந்துப் பாடகி ஏமி வைன்ஹவுஸ் சொன்னார். அவருடைய உயரமான கொண்டையும் தீட்டிய கண்ணும் ரோனட்ஸிடமிருந்து வந்தவை.

இந்தப் பதிவுகளை இன்று தேடிக் கேட்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எல்லா ஒலியும் ஒன்றாகக் கலந்து வருகிற மோனோ பதிப்பாகப் பார்த்துக் கேளுங்கள். பின்னால் ஸ்டீரியோவாகப் பிரித்து வந்தவற்றில் குரல் ஒரு பக்கமும் வாத்தியம் ஒரு பக்கமுமாக விலகி நின்று, பாட்டு இளைத்துப்போயிருக்கும். கார் ரேடியோவின் சின்ன ஸ்பீக்கரை மனதில் வைத்துக் கலந்தவை இவை. முதலில் ஷெர்லி ஓவன்ஸ், அடுத்து கிளாடிஸ் ஹார்ட்டன், டார்லீன் லவ், ரோனி, மேரி வைஸ் என்ற வரிசையில் கேளுங்கள். எல்லாம் சேர்த்துப் பதினைந்து நிமிடம் ஆகும். இரண்டாம் தடவை கேட்கும்போது பாடுகிறவரை விட்டுவிட்டு, பின்னால் இருக்கும் தோழிகளை மட்டும் கவனியுங்கள்.

வணக்கம்.