பில்டரைப் பற்றி யாரிடம் கேட்பது?

வணக்கம் மக்களே. கட்டி முடிக்காத அடுக்குமாடியில் பணம் போடுவது பற்றிப் பேசியபோது நிறைய பேர் கேட்ட கேள்வி: "பெரிய கம்பெனியாகப் பார்த்து வாங்கினால் போதும்தானே?" போதாது.

சீனாவின் எவர்கிராண்டை எடுத்துக்கொள்வோம். 1996-ல் தொடங்கிய, வீடு கட்டி விற்கும் நிறுவனம். அவர்களுடைய கால்பந்து அணி 2013-லும் 2015-லும் ஆசிய சாம்பியன். இதைவிடப் பெரிய பெயர் வேண்டுமா என்ன? 2021-ல் கடன் தவணை கட்ட முடியாமல் சாய்ந்தது. மொத்தப் பாக்கி 30,000 கோடி டாலருக்கு மேல். 2022-ல், வீடு பாதியில் நிற்கிறது, இனி மாதத் தவணை கட்ட மாட்டோம் என்று சீனாவின் பல நகரங்களில் வாங்கியவர்களே கிளம்பினார்கள். எவர்கிராண்டில் வாங்கியவர்களும் அதில் இருந்தார்கள். 2024 ஜனவரியில் ஹாங்காங் நீதிமன்றம் நிறுவனத்தைக் கலைக்க உத்தரவிட்டது.

இதில் நான் கவனிக்கச் சொல்வது ஒன்றுதான். பொருள் சப்ளை செய்தவர்களுக்குக் கையில் காசு கொடுக்காமல், பிறகு தருகிறோம் என்று எவர்கிராண்ட் கடன் பத்திரமாகக் கொடுத்து வந்தது. தேதி வந்தும் பல பத்திரங்களுக்குப் பணம் வரவில்லை. வீடு வாங்கப் போகிறவருக்கு விளம்பரம் தெரியும். சிமெண்ட் கொடுத்தவருக்குத்தான் உள்நிலவரம் தெரியும்.

அதனால் பில்டரின் பெயரை அவருக்கு விற்றவர்களிடம் விசாரியுங்கள். கம்பி, டைல்ஸ் சப்ளை செய்பவர், எலக்ட்ரிகல் வேலை எடுத்த கான்ட்ராக்டர். "பில் போட்டால் பணம் எப்போது வரும்?" இந்த ஒரு கேள்வி போதும். பதில் சொல்லாமல் சிரித்தால் அதுவும் பதில்தான்! பாக்கி இழுத்தால் முதலில் ஆள் குறையும், அப்புறம் வேலை நிற்கும், கடைசியில்தான் வாங்கியவருக்குச் செய்தி வரும்.

பில்டர் சில வருஷங்களுக்கு முன் ஒப்படைத்த கட்டடத்தையும் ஒரு நல்ல மழைக்குப் பிறகு போய்ப் பாருங்கள். மாதிரி வீட்டைப் பார்ப்பது வீண் என்பது என் கருத்து, அது விற்பதற்காகவே செய்தது. கார் நிறுத்தும் அடித்தளத்தில் தண்ணீர் நிற்கிறதா, ஓட்டை உடைசல் என்று சொன்னால் பில்டர் ஆள் அனுப்புகிறாரா என்று குடியிருப்பவர்களைக் கேளுங்கள். வழக்கு இருக்கிறதா என்றும் தேடுங்கள். வழக்கு இருப்பதாலேயே ஒதுக்க வேண்டாம், நிலத்தின் உரிமை பற்றிய வழக்கு என்றால் மட்டும் யோசிக்காமல் விலகிவிடுங்கள்.

சரி, இவ்வளவும் விசாரித்து, பெயர் சுத்தமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தைத் திறந்து கையெழுத்துப் போடும் நிறுவனம் எது என்று படியுங்கள். ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனி கம்பெனி தொடங்குவது இந்தத் தொழிலில் சாதாரணம். பலகையில் ஒரு பெயர், பத்திரத்தில் வேறு பெயர் இருந்தால், தாய் நிறுவனம் எழுத்தில் பொறுப்பு ஏற்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். மறுத்தால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.