சட்டம் போட்டுக் கட்டிய தீயணைப்புக் கல்லூரியை ஓர் உத்தரவு நிறுத்த முடியுமா? நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். திருச்சியிலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கும் கேள்வியை முதலில் வாசித்துவிடுகிறேன். "அமெரிக்காவில் மத்திய அரசே நடத்தும் தேசியத் தீயணைப்பு அகாடமியின் வகுப்புகளை 2025 மார்ச்சில் திடீரென்று ரத்து செய்தார்கள் என்று போன வீடியோவில் சொன்னீர்கள். அந்த நாட்டு நாடாளுமன்றம் சட்டம் போட்டு உருவாக்கிய நிறுவனம் அது என்றும் சொன்னீர்கள். அப்படிப்பட்ட நிறுவனத்தை ஓர் அலுவலக உத்தரவு எப்படி நிறுத்த முடியும்? சட்டமன்ற மேற்பார்வை என்பது பெயருக்குத்தானா? என் தம்பி இங்கே தீயணைப்புத் துறையில் இருக்கிறான், அதனால் கேட்கிறேன்."

கடைசி வரியைப் படித்ததும் இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. தம்பி எரிகிற கட்டடத்துக்குள் போகிறவர். அவருக்குச் சரியாகச் சொல்லிக் கொடுத்தார்களா என்று யார் பார்க்கிறார்கள் என்பது அந்த வீட்டுக்கு உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

சரி, அகாடமி எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன். 1968-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு, தீ விபத்துகளைப் பற்றி ஆராய ஒரு தேசிய ஆணையத்துக்கு வழி செய்தது. அந்த ஆணையம் 1973 மே மாதம் அதிபர் நிக்சனிடம் அறிக்கை கொடுத்தது. ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 12,000 பேர் தீயில் இறக்கிறார்கள், இவ்வளவு பணமும் தொழில்நுட்பமும் உள்ள நாடு தீ மரணங்களில் மற்ற தொழில்வள நாடுகளைவிட மோசமாக இருக்கிறது என்று ஒளிக்காமல் எழுதியிருந்தார்கள். தீயணைப்பு வீரர்களின் பயிற்சி ஊருக்கு ஊர் ஏற்றத்தாழ்வாக இருக்கிறது, அதற்கு ஒரு தேசியக் கல்லூரி வேண்டும் என்பது அவர்களுடைய பரிந்துரைகளில் ஒன்று. மறு ஆண்டே, 1974 அக்டோபர் 29 அன்று, அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்டுச் சட்டம் வந்தது. பிறகு மேரிலாந்து மாநிலத்தில் எம்மிட்ஸ்பர்க் என்ற சின்ன ஊரில், மூடப்பட்டிருந்த ஒரு பெண்கள் கல்லூரி வளாகத்தை 1979-ல் அரசு வாங்கி அகாடமியை அங்கே கொண்டுபோனது. பணியில் உயிர்விட்ட தீயணைப்பு வீரர்களுக்கான தேசிய நினைவிடமும் அதே வளாகத்தில்தான் இருக்கிறது.

இது புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் குழாய் பிடிக்கக் கற்றுக்கொடுக்கும் இடம் இல்லை. அதை மாநிலங்களும் நகரங்களும் பார்த்துக்கொள்கின்றன. இங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் அதிகாரிகள், பயிற்றுநர்கள், தீ விபத்துக்குக் காரணம் கண்டுபிடிக்கிறவர்கள். படிப்புக்குக் கட்டணம் கிடையாது. அமெரிக்காவில் சுமார் பத்து லட்சம் தீயணைப்பு வீரர்கள் இருக்கிறார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு, மணி அடித்தால் ஓடுகிறவர்கள். சின்ன ஊர்த் தீயணைப்புப் படைக்குத் தலைமை தாங்கும் ஒருவருக்கு இப்படி இலவசமாகக் கிடைக்கும் இரண்டு வாரப் படிப்பு எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது கேள்விக்கு வருவோம். உத்தரவு எப்படி நிறுத்த முடிந்தது?

பதில் சட்டத்தின் வாசகத்தில் இருக்கிறது. 1974 சட்டம் அகாடமியை உருவாக்கியது. ஆனால் பயிற்சி என்று வரும்போது, அகாடமியின் தலைவருக்குப் பயிற்சி நடத்த அதிகாரம் உண்டு என்கிற தோரணையில்தான் எழுதியிருக்கிறது. ஆண்டுக்கு இத்தனை வகுப்பு நடத்தியே தீர வேண்டும் என்று எழுதவில்லை. 'நடத்தலாம்', 'நடத்த வேண்டும்' என்ற இரண்டு சொல்லுக்கும் நடுவே இருக்கும் அந்தச் சந்து வழியாகத்தான் 2025 மார்ச் உத்தரவு நுழைந்தது. அகாடமி இப்போது ஃபீமா என்னும் பேரிடர் மேலாண்மை அமைப்பின் கீழ் இருக்கிறது. ஃபீமா, செலவுகளை மறுஆய்வு செய்கிறோம் என்று சொல்லி நேரடி வகுப்புகளை நிறுத்திவைத்தது. அகாடமியை மூடினால்தான் சட்டமீறல். வகுப்பை நிறுத்தினால்? அதைச் சட்டமீறல் என்று உடனே கைவைத்துச் சொல்ல முடியாது.

பணம் ஒதுக்கிய பிறகு செலவழிக்காமல் இருக்கலாமா என்று அடுத்த கேள்வி வரும். நல்ல கேள்விதான். அதே 1974-ம் ஆண்டு ஜூலையில் இன்னொரு சட்டமும் வந்தது. நாடாளுமன்றம் ஒதுக்கிய பணத்தை அதிபர் தன் விருப்பத்துக்குப் பிடித்து வைக்கக் கூடாது, தள்ளிப்போடுவதாக இருந்தாலும் நாடாளுமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும், அதுவும் அந்த நிதியாண்டுக்குள்தான் என்று சொல்லும் சட்டம். ஆக, ஒரு வருடம் முழுக்க இழுத்தடிக்க முடியாது. ஆனால் மூன்று மாதம் ஒரு வளாகம் காலியாகக் கிடக்க அந்தச் சட்டம் பெரிய தடை இல்லை. உறுப்பினர்கள் கடிதம் எழுதினார்கள், தீயணைப்புச் சங்கங்கள் குரல் கொடுத்தன, ஜூன் மாதம் வகுப்புகள் மீண்டும் தொடங்கின. நடுவில் போன வகுப்புகள் போனதுதான்.

இதிலே இன்னொரு சங்கடம் உண்டு, வெளியே அதிகம் பேசப்படாதது. அகாடமியை யார் மேற்பார்வை செய்வது என்பதே நாடாளுமன்றத்துக்குள் சிதறிக் கிடக்கிறது. பிரதிநிதிகள் சபையில் இந்தத் துறைக்கான சட்டங்களைப் பார்ப்பது அறிவியல் தொழில்நுட்பக் குழு. தீயணைப்புக்கும் அந்தக் குழுவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். 1974-ல் தீ ஆராய்ச்சியும் இதே சட்டத்தில் சேர்ந்து வந்தது. ஆராய்ச்சி அறிவியல் குழுவின் கையில் இருந்தது, கூடவே அகாடமியும் அங்கே தங்கிவிட்டது. செனட்டில் அது உள்நாட்டுப் பாதுகாப்புக் குழுவிடம் இருக்கிறது. பணம் ஒதுக்குவதோ இரண்டு சபைகளிலும் வேறு குழுக்கள். 2024 ஜூலையில் ஒரு புதுச் சட்டம் வந்து, ஃபீமாவின் கீழ் இந்த அகாடமியை நடத்தும் தேசியத் தீயணைப்பு நிர்வாகத்துக்கு 2028 வரை ஆண்டுக்கு 9.5 கோடி டாலர் வரை ஒதுக்கலாம் என்று அனுமதித்தது. அனுமதி என்பது பணம் இல்லை, கவனியுங்கள். அந்த வரம்புக்குள் எவ்வளவு தருவது என்பதை ஒதுக்கீட்டுக் குழு ஒவ்வொரு ஆண்டும் தனியாக முடிவு செய்யும்.

சரி, பாடம் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க யாருமே இல்லையா? அதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. துறை அனுபவம் உள்ளவர்களைக் கொண்ட ஒரு பார்வையாளர் குழு ஆண்டுதோறும் அகாடமியின் பாடத்திட்டத்தையும் வசதிகளையும் பார்த்து அறிக்கை கொடுக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. இது நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த அறிக்கை போவது ஃபீமாவின் தலைவருக்கு, அதாவது வகுப்பை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறதோ அவருக்கே. அது நேராக நாடாளுமன்றக் குழுவின் மேசைக்குப் போயிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இனி, எனக்கு முக்கியமாகப் படுகிற பகுதிக்கு வருகிறேன். மேற்பார்வை என்றாலே நாம் பணத்தைப் பற்றியே பேசுகிறோம். தீயணைப்புப் பயிற்சியில் பயிற்சியே ஆளைக் கொல்லும். நிஜத் தீ மூட்டி உள்ளே அனுப்பித்தான் கற்றுக்கொடுக்க முடியும். 1982 ஜனவரியில் கொலராடோ மாநிலத்தின் போல்டரில் அப்படி ஒரு பயிற்சியில் இரண்டு வீரர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் நிஜத் தீப் பயிற்சிக்கென்று தனி விதிமுறை, என்.எஃப்.பி.ஏ. 1403 என்ற எண்ணில், 1986-ல் வந்தது. பழைய வீட்டில் பயிற்சி நடத்தினால் ஒரு நேரத்தில் ஒரே ஒரு தீதான் மூட்ட வேண்டும், உள்ளே போகும் முன் வெளிச்சத்தில் வீடு முழுவதையும் சுற்றிக் காட்ட வேண்டும், ஐந்து பேருக்கு ஒரு பயிற்றுநர் இருக்க வேண்டும், தண்ணீர் இரண்டு தனித்தனி இடங்களிலிருந்து வர வேண்டும், பாதுகாப்பு அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும் என்றெல்லாம் சொல்கிறது.

ஆனால் அது ஒரு தனியார் சங்கம் எழுதிய தரவிதி. மாநில சட்டமன்றம் எடுத்துச் சட்டமாக்கினால்தான் அதற்குப் பல் முளைக்கும். ஃப்ளோரிடாவில் 2002 ஜூலையில் ஓசியோலா மாவட்டத்தில் பயிற்சித் தீயில் இரண்டு பேர் இறந்தார்கள். 2005-ல் அந்த மாநில சட்டமன்றம் நிஜத் தீப் பயிற்சிக்குச் சட்டம் கொண்டுவந்தது. பயிற்றுநருக்குத் தனித் தகுதி வேண்டும் என்று எழுதியது, இறந்த இருவரின் பெயரையே அந்தச் சட்டத்துக்கு வைத்தது. மேற்பார்வை என்றால் இதுதான். வகுப்பறைக் கதவைத் தாண்டி, தீ மூட்டுகிற கை வரைக்கும் சட்டம் போய்ச் சேர்ந்தது.

அது போய்ச் சேராத இடத்தில் என்ன நடந்தது? 2007 பிப்ரவரியில் பால்டிமோர் நகரத் தீயணைப்புத் துறையின் பயிற்சி. ஆள் இல்லாத ஒரு வரிசை வீடு. ஒரே சமயத்தில் பல தளங்களில் தீ மூட்டியிருந்தார்கள். பயிற்சியில் இருந்த 29 வயதுப் பெண் ஒருவர் மேல் தளத்தில் சிக்கி இறந்தார். அரசு நடத்திய பயிற்சி, அரசு ஊழியர்களே மூட்டிய தீ. அந்த 1403 விதியை அடுக்கடுக்காக மீறியிருந்தது விசாரணையில் தெரிந்தது. பயிற்சிப் பிரிவின் தலைவர் பதவி இழந்தார்.

அந்த விவரங்கள் நமக்குத் தெரிவதற்கு ஒரு முக்கியக் காரணம் 1998-ல் நாடாளுமன்றம் எடுத்த ஒரு முடிவு. பணியில் தீயணைப்பு வீரர் இறந்தால் வெளியிலிருந்து வந்து ஆராய்வதற்கு, தொழில்சார் பாதுகாப்பை ஆராயும் மத்திய நிறுவனமான நியாஷுக்கு அந்த ஆண்டு முதல் பணம் ஒதுக்கினார்கள். அவர்கள் யாரையும் தண்டிக்க மாட்டார்கள். என்ன நடந்தது, எதைச் செய்திருந்தால் உயிர் தப்பியிருக்கும் என்று எழுதி, எல்லோரும் படிக்கும்படி வெளியிடுவார்கள். துறை தன்னையே விசாரித்துக்கொண்டால் இப்படி ஓர் அறிக்கை வந்திருக்குமா? வந்திருக்காது என்றுதான் நான் நம்புகிறேன். கோபமாகக் கடிதம் எழுதும் ஐம்பது உறுப்பினர்களைவிட, சம்பவ இடத்துக்குப் போய் ஆராயும் ஐந்து ஆய்வாளர்கள் அதிகம் காப்பாற்றுவார்கள்.

ஆக, 'பெயருக்குத்தானா' என்ற உங்கள் கேள்விக்கு என் பதில்: இல்லை. சட்டமன்றம் தானே போய் எல்லாவற்றையும் பார்க்க முடியாது. தனக்காகப் பார்க்கும் கண்களைச் சட்டத்திலேயே எழுதி வைத்த இடங்களில் மேற்பார்வை வேலை செய்தது. வாசகத்தைத் தளர்வாக விட்ட இடத்தில் அகாடமியின் நேரடி வகுப்புகள் மூன்று மாதம் நின்று கிடந்தன.

உங்கள் தம்பிக்காக நம் ஊரைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன். இந்தியாவில் தீயணைப்பு மாநிலங்களின் பொறுப்பு. மத்திய அரசுக்கு நாக்பூரில் தேசியத் தீயணைப்புக் கல்லூரி இருக்கிறது. 1956-ல் ராம்பூரில் தொடங்கி, மறு ஆண்டு நாக்பூருக்கு மாறியது. தமிழ்நாட்டுக்குத் தாம்பரத்தில் மாநிலப் பயிற்சி மையம் இருக்கிறது. நாடாளுமன்றத்தில் 1993 முதல் துறை வாரியாக நிலைக்குழுக்கள் இருக்கின்றன, உள்துறைக்கும் ஒன்று உண்டு. கேரள சட்டமன்றத்தில் 1980-லிருந்தே துறைசார் குழுக்கள் மானியக் கோரிக்கைகளை, அதாவது ஒவ்வொரு துறையும் செலவுக்குக் கேட்கும் பணத்தை, உட்கார்ந்து அலசுகின்றன. நம் சட்டப்பேரவையில் அப்படித் துறை வாரியான குழு இல்லை. பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு, அமைச்சர் அவையில் கொடுத்த வாக்கைப் பின்தொடரும் அரசு உறுதிமொழிக் குழு ஆகியவை இருக்கின்றன. தீயணைப்புத் துறையின் மானியக் கோரிக்கை பெரும்பாலும் காவல்துறையோடு சேர்ந்தே விவாதத்துக்கு வருகிறது. அப்போது உறுப்பினர்கள் என்ன கேட்கிறார்கள்? என் தொகுதிக்கு ஒரு தீயணைப்பு நிலையம் வேண்டும், வண்டி வேண்டும் என்கிறார்கள். அது நியாயமான கோரிக்கைதான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வண்டியில் ஏறிப்போகும் பிள்ளை புகைக்குள் எத்தனை மணி நேரம் பழகியிருக்கிறான் என்று யாராவது கேட்டால் நன்றாக இருக்கும்.

2020 தீபாவளி சமயத்தில் மதுரையில் ஜவுளிக்கடைத் தீயை அணைக்கப் போன இரண்டு தீயணைப்பு வீரர்கள் கட்டடம் இடிந்து விழுந்து இறந்தார்கள். இடியப்போகும் சுவரின் அறிகுறிகளைப் படிப்பது ஒரு தனிப் பயிற்சி. அது பாடத்திட்டத்தில் இருக்கிறதா, பணியில் சேர்ந்து பத்து வருடம் ஆனவருக்குத் திரும்பச் சொல்லிக்கொடுக்கிறார்களா என்பதையெல்லாம் சட்டப்பேரவையில் கேட்க எந்தத் தடையும் இல்லை. அமைச்சர் 'செய்கிறோம்' என்று பதில் சொல்லிவிட்டால் அது உறுதிமொழிக் குழுவின் கணக்கில் ஏறும், பிறகு எளிதில் தட்டிக்கழிக்க முடியாது.

அப்புறம், ஒரு வேண்டுகோள். ஒவ்வோர் ஆண்டும் மானியக் கோரிக்கையின்போது துறையின் கொள்கை விளக்கக் குறிப்பை அவையில் வைப்பார்கள். இணையத்தில் கிடைக்கும், தமிழிலேயே இருக்கும். அதில் பயிற்சி என்ற பகுதியை மட்டும் எடுத்துத் தம்பியின் கையில் கொடுங்கள். எழுதியிருப்பதும் அவர் அனுபவித்ததும் ஒன்றுதானா என்று கேளுங்கள். அவர் சொல்வதை அவருடைய பெயர் வராமல் கேள்வியாக எழுதி உங்கள் தொகுதி உறுப்பினரிடம் கொடுங்கள். எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், அதை வைத்தே இன்னொரு வீடியோ போடலாம்.

அடுத்த கேள்வி சேலத்திலிருந்து.