நியூட்டன் காலத்து லண்டன்வாசிகளுக்கு அறிவியல் புரட்சி தெரிந்ததா?

வணக்கம். விஞ்ஞானிகள் ராபர்ட் ஹூக்குக்கும் நியூட்டனுக்கும் நடந்த சண்டையைப் பற்றிப் பேசியிருந்தேன் இல்லையா, அதைப் பார்த்த ஒரு நேயர் கேட்கிறார்: "ஐயா, கண்முன்னால் ஒரு அறிவியல் புரட்சி நடக்கிறது என்று அன்றைய லண்டன்வாசிகளுக்குத் தெரிந்ததா?" அருமையான கேள்வி. கொஞ்ச நாளாக இதையேதான் மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன்.

இதற்கு நாட்குறிப்புகளைத்தான் கேட்க வேண்டும். கடற்படை அலுவலகத்தில் வேலை பார்த்த சாமுவேல் பீப்ஸ் 1660 முதல் ஒன்பது வருடத்துக்கு மேல் நாட்குறிப்பு எழுதினார். நுண்ணோக்கியில் பார்த்தவற்றைப் பற்றி ஹூக் எழுதிய 'மைக்ரோகிராஃபியா' வந்ததும் வாங்கி, 1665 ஜனவரி 21 அன்று ராத்திரி இரண்டு மணி வரை விழித்திருந்து படித்தார். தான் படித்ததிலேயே மிகப் புத்திசாலித்தனமான புத்தகம் இது என்று எழுதினார். இந்த வரியைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள்.

நான் எப்போதும் சொல்வதுதான்: நாட்குறிப்பில் ஒரு வரியை மட்டும் பிய்த்து எடுக்காதீர்கள், பக்கத்தை முழுசாகப் படியுங்கள். அந்தப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்து வந்த அதே 20ஆம் தேதி, பீப்ஸ் ஒரு முயலும் வாங்கி வருகிறார். வயிற்றுவலி வராமலிருக்க முயலின் காலைத் தாயத்து மாதிரிக் கூடவே வைத்திருப்பது அப்போது வழக்கம். "உங்களிடம் இருக்கும் காலில் மூட்டு இல்லையே, அதனால்தான் பலிக்கவில்லை" என்று ஒருவர் சொல்கிறார். அவருடைய முயல்காலைத் தொட்டதுமே பீப்ஸுக்கு வயிறு லேசாகிவிடுகிறது. மனசு செய்யும் வேலை விசித்திரம் என்று எழுதிவைக்கிறார். ஆனால் மறுநாள், உடம்பு நன்றாக இருப்பதற்குப் புது முயல்கால்தான் காரணம் என்கிறார். இரண்டு மணி வரை ஹூக்கைப் படித்ததும் அந்த நாள்தான்! அடுத்த மாதமே அவர் லண்டனின் அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டியில் உறுப்பினர்.

முயல்காலை வைத்து அவரைக் குறைவாக எடைபோட வேண்டாம். 1666 ஆகஸ்டில் தெருவில் எதிர்ப்பட்ட ஹூக், ஈயின் ரீங்காரம் எந்தச் சுரத்தில் இருக்கிறது என்று பார்த்தே அது எத்தனை முறை சிறகடிக்கிறது என்று சொல்லிவிடுவேன் என்கிறார். இது கொஞ்சம் அதிகப்படி என்று பீப்ஸுக்குப் படுகிறது. ஆனால் ஹூக் சொன்னது சரியான கணக்கு.

அப்புறம் ஜான் ஈவ்லின். இவரும் நாட்குறிப்பு எழுதியவர், ராயல் சொசைட்டிக்காரர். 1667இல் ஒரு நாயின் மார்பைத் திறந்து, துருத்தியால் நுரையீரலுக்குள் காற்று ஊதி உயிரோடு வைத்திருந்ததைப் பார்த்தார். தன்னால் ஏற்க முடியாத கொடுமை என்று எழுதினார். என்னை மிகவும் பாதித்த பக்கம் அது.

இதே ஈவ்லின் 1680 டிசம்பரில் வாள் போன்ற ஒரு வால்மீனைப் பார்க்கிறார். இவை இயற்கைக் காரணங்களால்தான் தோன்றுகின்றன என்று நம்புகிறேன், ஆனாலும் அலட்சியப்படுத்த முடியவில்லை, கடவுளின் எச்சரிக்கையாக இருக்கலாம் என்கிறார். ஆக, நேயர் கேட்ட கேள்வியைவிட, ஒரே மனசுக்குள் இவ்வளவும் எப்படிச் சேர்ந்திருந்தன என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி.

அந்த வால்மீனின் பாதையை நியூட்டன், ஈர்ப்பு விதியைச் சொன்ன தன் 'பிரின்சிபியா' நூலில் கணக்கிட்டுக் காட்டினார். 1687இல் வந்த அந்த நூலின் முகப்பில், அச்சிட அனுமதி தந்த சொசைட்டித் தலைவர் என்று பீப்ஸின் பெயர் இருக்கிறது. அவர் அதைப் பற்றி என்ன எழுதினார் என்று கேட்பீர்கள். கண் போய்விடுமோ என்ற பயத்தில் 1669 மே மாதமே நாட்குறிப்பை நிறுத்திவிட்டார்.