செத்தவர் செத்தவராகவே இருக்கட்டும், நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். சூப்பர் ஹீரோ படங்களின் அடுத்தடுத்த பாகங்கள் ரசிகனுக்குக் கொண்டாட்டமா, திண்டாட்டமா? திண்டாட்டமே என்று பேச வந்திருக்கிறேன். முன்பு பேசிய எதிரணித் தோழர், "இவர் எல்லாப் பாகத்தையும் முதல் நாளே பார்க்கிற ஆளாயிற்றே" என்று போட்டு உடைத்துவிட்டார். ஆமாம், பார்க்கிறேன். பார்க்கிறவன்தானே திண்டாடுவான்? பார்க்காதவனுக்கு என்ன கவலை?

2004-ல் வந்த 'ஸ்பைடர்மேன் 2'ஐ அவர் புகழ்ந்தார். அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஓடும் ரயிலை உடம்பைக் கொடுத்து நிறுத்திவிட்டு மயங்கிச் சாய்கிறான் ஸ்பைடர்மேனான பீட்டர். முகமூடி இல்லை. பயணிகள் அவனைத் தலைக்கு மேலே தூக்கி, கைமாற்றிக் கைமாற்றி உள்ளே கொண்டுபோய்க் கிடத்துகிறார்கள். முகத்தைப் பார்த்த ஒருவர், அட, இவன் சின்னப் பையன், என் மகனைவிடப் பெரியவனாக இருக்க மாட்டான் என்கிறார். இரண்டு சிறுவர்கள் முகமூடியைத் திருப்பிக் கொடுத்து, யாரிடமும் சொல்ல மாட்டோம் என்கிறார்கள். முதல் பாகத்தில் இந்தக் காட்சியை வைத்திருக்க முடியுமா? அவன் ஊருக்காக உழைத்து ஓய்ந்த பிறகுதானே ஊர் அவனைத் தாங்கும்! எல்லாப் பாகமும் இப்படி வந்தால் நான் அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பேன்.

மூன்றே வருஷம். அதே சாம் ரெய்மி, அதே டோபி மெக்வயர். 2007-ல் வந்த மூன்றாம் பாகத்தில் வில்லன்களே மூன்று பேர்: மணல் மனிதன் ஒருவன், வெனம் என்று ஒருவன், அப்பாவுக்காகப் பழிவாங்க வரும் நண்பன் ஒருவன். யார்மேல் கோபப்படுவது என்று நான் முடிவு செய்வதற்குள் படம் முடிந்துவிட்டது.

அப்புறம் 2023-ல் 'தி மார்வெல்ஸ்'. மூன்று நாயகிகள். ஒருத்தியைத் தெரிய 2019-ல் வந்த படம், அடுத்தவளுக்குச் சக்தி வந்த கதைக்கு 2021-ல் வந்த ஓடிடி தொடர், மூன்றாமவளுக்கு 2022-ல் வந்த இன்னொரு தொடர். காசு கொடுத்து டிக்கெட் எடுத்தவனிடம் பாடம் படித்துவிட்டு வந்தாயா என்று கேட்கலாமா?

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். என் மனத்தாங்கல் வேறு. 2000-லிருந்து நடிகர் ஹியூ ஜாக்மேன் சுமந்த 'எக்ஸ்-மென்' நாயகன் வோல்வரின், 2017-ல் 'லோகன்' படத்தில் சாகிறான். கல்லறையில் நட்ட சிலுவையைப் பிடுங்கி, எக்ஸ் எழுத்தாகச் சாய்த்து வைக்கிறாள் அவனுக்கு மகள் போன்ற சிறுமி. விட்ட கண்ணீருக்கு ஓர் அர்த்தம் இருந்தது. 2024-ல் 'டெட்பூல் அண்ட் வோல்வரின்' எடுத்த எடுப்பிலேயே அந்தக் கல்லறையைத் தோண்டுகிறது. எலும்புகளை உருவி ஆயுதமாக்கி எதிரிகளை அடிக்கிறான் குறும்பு நாயகன் டெட்பூல். அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன், நடுவர் அவர்களே, பொய் சொல்ல மாட்டேன். வீட்டுக்குப் போகிற வழியில்தான் உறுத்தியது. "திரும்பி வந்தது வேறு பிரபஞ்சத்து வோல்வரின்" என்று எதிரணி கிளம்புவார்கள். சரி, பிரபஞ்சம் வேறு. முகம்?

'எண்ட்கேம்' படத்தில் ராபர்ட் டவுனி ஜூனியர் நடித்த அயர்ன்மேன் டோனி ஸ்டார்க் உயிரை விட்டது 2019-ல். 2024 ஜூலையில் சான் டியேகோ காமிக்-கான் ரசிகர் விழா மேடையில் பச்சை அங்கி போட்ட ஒருவர் முகமூடியைக் கழற்றுகிறார். அதே ராபர்ட் டவுனி ஜூனியர்! இந்த முறை டாக்டர் டூம் என்ற வில்லனாம். அந்தக் காணொளியைப் பார்த்து விசிலடித்தவர்களில் நானும் ஒருவன். டூம் வரும் அந்தப் படத்துக்கும் முதல் நாளே போவேன்.

அடுத்துப் பேச வரும் எதிரணி அம்மையார் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும். அந்தப் படத்தில் ஒரு நாயகன் செத்தால் நான் அங்கேயே அழலாமா, இல்லை, அடுத்த பாகம் வரும்வரை பொறுத்திருக்க வேண்டுமா?