காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு

அன்பானவர்களே,

மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் ஒரு சின்னக் காட்சி வருகிறது. பலமுறை வாசித்திருப்போம், வாசித்த வேகத்திலேயே தாண்டியும் போயிருப்போம். ஒருவன் காணிக்கையோடு பலிபீடத்தின் முன் நிற்கிறான். அந்த நேரம் பார்த்து, தன் சகோதரனுக்குத் தன்மேல் ஒரு குறை இருப்பது அவனுக்கு ஞாபகம் வருகிறது. காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ, முதலில் அவனோடு ஒப்புரவாகு, பின்பு வந்து செலுத்து என்கிறார் இயேசு.

இதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர் கலிலேயாக்காரர்கள். பலிபீடம் இருந்ததோ எருசலேமில். நடுவில் 100 கிலோமீட்டருக்கும் மேல், நடந்து போனால் சில நாட்கள் ஆகும். அப்படி வந்தவன் பலியை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி, பேசித் தீர்த்துக்கொண்டு, மறுபடியும் அவ்வளவு தூரம் நடக்க வேண்டும். அதுவரை அந்த ஆட்டுக்கு யார் தீனி போடுவார்கள் என்று சின்ன வயதில் ஓய்வுநாள் பள்ளியில் கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். கேள்வி இப்போதும் நல்ல கேள்வியாகத்தான் தெரிகிறது.

இன்னொன்றையும் பாருங்கள். உனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று வசனம் சொல்லவில்லை. ‘உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று’ என்றுதான் இருக்கிறது. ‘என் மனதில் ஒன்றுமில்லை, அவர்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்’ என்று நாம் சொல்வோமே, அந்தக் கதவை இந்த வசனம் அடைத்துவிடுகிறது.

இதைப் பேசும்போதெல்லாம் சிலர் உற்சாகமாகிவிடுகிறார்கள். அப்படியானால் சடங்கே வேண்டாம், உள்ளம் சுத்தமாக இருந்தால் போதும் என்கிறார்கள். சரி, இயேசு அப்படியா சொன்னார்? ‘பின்பு வந்து உன் காணிக்கையைச் செலுத்து’ என்றார். யோவேல் தீர்க்கதரிசியும் அப்படித்தான். ‘உங்கள் வஸ்திரங்களையல்ல, உங்கள் இருதயங்களைக் கிழித்து’ என்று 2ஆம் அதிகாரம் 13ஆம் வசனத்தில் சொன்னவர், 15ஆம் வசனத்திலேயே எக்காளம் ஊதி உபவாச நாளை நியமிக்கச் சொல்கிறார். உபவாசத்தை அவர் விடவில்லை. அதற்குள் ஒளிந்துகொள்ளத்தான் நம்மை விடவில்லை.

சடங்கை ஒதுக்கிவிட்டால் மட்டும் உள்ளம் மாறிவிடுமா என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் எழுந்த குவேக்கர்கள் தண்ணீர் ஞானஸ்நானம், திருவிருந்து இரண்டையுமே விட்டுவிட்டு, மௌனமாகக் கூடி உட்கார்ந்தார்கள். உள்ளிருக்கும் ஒளியே போதும் என்றார்கள். எளிமையாக உடுத்தினார்கள். கொஞ்ச காலத்தில் அந்த எளிமைக்கே ஒரு நிறம், ஒரு வெட்டு, ஒரு சட்டம் வந்துவிட்டது. அந்த இயக்கத்தின் தாய் என்று போற்றப்பட்ட மார்கரெட் ஃபெல், 80 வயதைத் தாண்டிய நிலையில் 1700இல் எழுதிய கடிதத்தில் இதைக் கண்டித்தார். எல்லாரும் ஒரே உடை, ஒரே நிறம் என்றால் அது அற்பமான சுவிசேஷம் என்றார். பலிபீடத்தை இடித்தவர்கள் சட்டைக் காலரில் இன்னொன்றைக் கட்டிக்கொண்டார்கள்!

அப்படியானால் மாற வேண்டியது எது? ரோமர் 12:2இல் நம் தமிழ் வேதாகமம் ஒரு அருமையான சொல் ஜோடியைத் தருகிறது. ‘இந்தப் பிரபஞ்சத்திற்கு ஒத்த வேஷந்தரியாமல்’ என்று தொடங்கி, ‘மறுரூபமாகுங்கள்’ என்கிறது. வேஷம், மறுரூபம். மலையின்மேல் இயேசுவின் முகம் சூரியனைப்போலப் பிரகாசித்ததைச் சொல்லும் மத்தேயு 17:2இலும் இதே மறுரூபம்தான். கிரேக்க மூலத்திலும் இரண்டு இடத்திலும் ஒரே வினைச்சொல். நம் மொழிபெயர்ப்பாளர்கள் அந்த இழையை அறுக்காமல் காத்திருக்கிறார்கள், அவர்களுக்கு நன்றி. வேஷத்தை நாமே போட்டுக்கொள்ளலாம், ஐந்து நிமிடம் போதும். ரோமரில் வரும் கிரேக்க வினையோ, நாம் செய்துமுடிக்கிற காரியத்தைச் சொல்வதல்ல. நமக்குள் செய்யப்பட, தொடர்ந்து செய்யப்பட, இடம் கொடுப்பதைச் சொல்கிறது.

என் கதையைச் சொல்லாமல் இறங்கினால் நானும் வேஷக்காரன்தான். அப்பாவின் வீட்டைப் பாகம் பிரிப்பதில் வந்த பேச்சில், நான்கு வருடம் என் அண்ணனோடு பேசாமல் இருந்தேன். அந்த நான்கு வருடமும் ஒரு திருவிருந்தைக்கூடத் தவறவிட்டதில்லை. உபவாசம்கூட அப்போதுதான் அதிகம் இருந்தேன். யாராவது கேட்டால் நல்ல சாட்சி சொல்வேன்.

ஒரு ஞாயிறு, அப்பம் என் வரிசைக்கு வருவதற்குமுன் எழுந்து வெளியே போய் அவருக்குப் போன் செய்தேன். பெரிய தீர்மானம் ஒன்றும் இல்லை, உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். மூன்றாவது முறைதான் எடுத்தார். எடுத்ததும், “யாருக்கு என்ன ஆச்சு?” என்றார். நான் கூப்பிட்டால் அது சாவுச் செய்தியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருக்கிறார்.

உள்ளே கடைசிப் பாட்டு முடிகிறவரை பேசினோம். அந்த மாதம் நான் திருவிருந்து எடுக்கவில்லை. அடுத்த மாதம் எடுத்தேன்.