கூத்தில் தூங்கியவர்கள் கூத்துப் பார்த்தவர்களா?

அடுத்த கேள்வி. இதைப் படித்ததிலிருந்து எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மூன்றாம் ஆண்டு தமிழ் இலக்கியம் படிக்கிற ஒரு மாணவி எழுதியிருக்கிறார். செய்யாறு பக்கத்தில் ஒரு கிராமத்துக்குக் கல்லூரியிலிருந்து பஸ் வைத்து அழைத்துப் போயிருக்கிறார்கள். திரௌபதி அம்மன் கோயில் திருவிழா. அன்றிரவு கர்ண மோட்சம், கர்ணன் போரில் சாகிற கதையை ஆடுகிற கூத்து. "நள்ளிரவு தாண்டியதும் பாதி வகுப்பு தூங்கிவிட்டது ஐயா. கர்ணன் மனைவி பொன்னுருவி வந்ததைப் பார்த்தேன். கண் விழித்தபோது கர்ணன் களத்தில் கிடந்தான். இப்போது பேராசிரியர் கூத்துப் பார்த்த அனுபவத்தை எழுதித் தரச் சொல்கிறார். பார்த்தோம் என்று எழுதலாமா?"

தாராளமாக எழுதுங்கள் அம்மா. தூங்கியதையும் சேர்த்து எழுதுங்கள். உங்களுக்குப் பக்கத்தில் பாய் விரித்திருந்த ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள் என்று கவனித்தீர்களா? அவர்களும் தூங்கியிருப்பார்கள். ஆனால் எப்போது எழ வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். உங்களுக்கும் அவர்களுக்கும் அவ்வளவுதான் வித்தியாசம்.

தெருக்கூத்தின் கட்டுமானத்தைப் பாருங்கள். ஒரு வேடம் திரைக்குப் பின்னால் வந்து நிற்கிறது. இரண்டு பேர் திரையைப் பிடித்திருக்கிறார்கள். உள்ளே நின்றபடியே விருத்தம் பாடுகிறார், நான் இன்னார் என்று. திரை விலகியதும் அதே செய்தியைப் பாட்டாகப் பாடி ஆடுகிறார். ஒவ்வொரு அடியையும் பின்பாட்டுக்காரர்கள் வாங்கித் திரும்பப் பாடுகிறார்கள். பாட்டு முடிந்ததும் அதையே வசனமாகச் சொல்கிறார். இதற்கு மேல், வேடிக்கை பேசிக் கூத்தை நடத்திச் செல்கிற கட்டியங்காரன் ஒருவன் நிற்கிறானே, அவன் விடுவானா? ஒன்றும் தெரியாதவன்போல, தாங்கள் யார், எங்கே போகிறீர்கள், எதற்காகப் போகிறீர்கள் என்று முதலிலிருந்து கேட்பான். ராஜா மறுபடியும் சொல்ல வேண்டும். நடுவில் கண்ணயர்ந்தவர் எந்த இடத்தில் விழித்தாலும் கதையைப் பிடித்துக்கொள்ள வழி வைத்திருக்கிறார்கள். இரவு முழுக்கத் திறந்த வெளியில் நடக்கிற ஆட்டம். குழந்தை அழும், மழை தூறும், டீ குடிக்க நாலு பேர் எழுந்து போவார்கள். அதற்கெல்லாம் ஈடுகொடுக்கிற மாதிரி வளர்ந்த கலை இது.

என் பழைய பேச்சுகளைக் கேட்டவர்களுக்குச் சலிப்பாக இருக்கும், இருந்தாலும் திரும்பச் சொல்கிறேன். கதையைத் தெரிந்துகொள்வதற்காக யாரும் கூத்துக்குப் போவதில்லை. பாரதத் திருவிழா நடக்கிற ஊரில் பகலில் பிரசங்கம் இருக்கும். வில்லிபாரதப் பாடலைப் பாடி, பொருள் சொல்லி, பாரதக் கதையை ஒருவர் நாள்தோறும் விரித்துக்கொண்டு போவார். இரவில் கூத்து. பகலில் காதால் கேட்டதை இரவில் கண்ணால் பார்க்கிறார்கள். கர்ணன் சாவான் என்பது ஊரில் பொடிப் பிள்ளைக்கும் தெரியும். போருக்குக் கிளம்புகிறவனிடம் பொன்னுருவி என்ன பேசப்போகிறாள், தேரோட்டி மகன் என்று அவனை இகழ்ந்தவள் அன்றிரவு எப்படி உருகப்போகிறாள், அதை இந்த ஆட்டக்காரர் எப்படிப் பாடுவார், போன வருஷம் பாடியவரைவிட நன்றாகப் பாடுவாரா, இதற்குத்தான் விழித்திருக்கிறார்கள். நீங்கள் பொன்னுருவியைப் பார்த்துவிட்டுத்தானே தூங்கினீர்கள்? பிழைத்தீர்கள்.

நான் கல்லூரியில் படித்த காலத்தில் நண்பர்களோடு ஒரு கூத்துக்குப் போயிருந்தேன். பதினெட்டாம் போர், அதாவது துரியோதனன் விழுகிற கடைசி நாள் போர். எங்களுக்குப் பக்கத்தில் ஒரு ஆயா சாக்கு விரித்து, தலைக்கு முந்தானையைச் சுருட்டி வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினார். நாங்கள் நோட்டுப் புத்தகமும் கையுமாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தோம். படித்த பிள்ளைகள் அல்லவா! விடியும் நேரத்துக்கு நாங்கள் வரிசையாகச் சாய்ந்துவிட்டோம். அந்த ஆயாதான் என் தோளைப் பிடித்து உலுக்கினார்: "எழுந்திரு சாமி, துரியோதனன் வர்றான்." முகவீணை என்கிற சின்ன ஊதுகுழலின் சத்தம் மாறியதிலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த வயதில் எனக்கு முகவீணையையும் நாகசுரத்தையும் பிரித்துச் சொல்லத் தெரியாது.

இன்னொன்று. சில கல்லூரிகள் கூத்தை அரங்கத்துக்கே வரவழைத்து ஒன்றரை மணி நேரத்தில் முடிக்கச் சொல்கிறார்கள். யாரும் தூங்கவில்லை என்று பெருமையும் படுகிறார்கள். நேரத்தைக் குறைக்க முதலில் எதை வெட்டுகிறார்கள் தெரியுமா? கட்டியங்காரன் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை. பிறகு பின்பாட்டை. மிஞ்சுவது கதைச் சுருக்கம். எனக்கு அதில் துளியும் சம்மதம் இல்லை. உங்கள் பேராசிரியர் பஸ் வைத்து இரவில் கிராமத்துக்கு அழைத்துப் போனாரே, அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

சரி, நீங்கள் என்னிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. யாருக்காக விடிய விடிய ஆடுகிறார்கள்? பார்க்கிற கூட்டம் பாதி தூங்கியும் ஆட்டக்காரர் ஏன் சுருதி குறைப்பதில்லை? கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் என்று மரத்தில் செய்த அணிகளைச் சுமந்துகொண்டு கிறுகிறுவென்று சுற்றுகிறார். இந்தச் சுழற்சிக்குக் கிறுக்கி என்று பெயர். நாலு பேர் பார்த்தாலும் அதே கிறுக்கிதான். ஏனென்றால் பல ஊர்களில் அம்மன் சந்நிதியைப் பார்த்தபடிதான் களம் அமைகிறது. அவள் தூங்குவதில்லை.

இதைப் புரிந்துகொள்ள நீங்கள் திரௌபதி துகிலுரியும் கதையை ஆடுகிற துகில் நாளில் போயிருக்க வேண்டும். துச்சாதனன் வேடம் கட்டியவர் சபைக்கு நடுவில் சேலையில் கை வைப்பதற்கு முன் ஆட்டத்தை நிறுத்துவார். கற்பூரம் ஏற்றுவார்கள். தாயே, வேடத்துக்காகச் செய்கிறேன், பொறுத்துக்கொள் என்று வேண்டிக்கொண்டு, பிறகு திரும்பவும் துச்சாதனனாகிக் கத்துவார். எதிரே திரௌபதியாக நிற்பவர் பெரும்பாலும் ஓர் ஆண்தான். பகலில் அவரோடு சேர்ந்து டீ குடித்தவர். அவரைப் பார்த்துத்தான் கூட்டம் கை கூப்புகிறது. அந்த நேரத்தில் ஒருவரும் தூங்கி நான் பார்த்ததில்லை.

அடுத்த வருஷம் நீங்கள் கல்லூரியை முடித்திருப்பீர்கள். அழைத்துப் போக பஸ் வராது. தோழிகளைச் சேர்த்துக்கொண்டு துகிலுக்கு நீங்களே போங்கள். கதையை முன்னாலேயே படித்துவிட்டு, மதியம் நன்றாகத் தூங்கிவிட்டுப் போங்கள். ஊர்க்காரர்கள் யாராவது பக்கத்தில் இருந்தால், முக்கியமான கட்டத்தில் எழுப்பிவிடச் சொல்லி வையுங்கள், கட்டாயம் எழுப்புவார்கள். அடுத்து திருவாரூரிலிருந்து ஒரு நேயர் கேட்டிருப்பதைப் பார்ப்போம்.